மலைநாட்டின் இசைக்குரல் மீனாட்சியம்மை

அமெரிக்க நாட்டின் தென்பகுதியிலே, பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாய் உழைத்த கறுப்பின மக்களின் பாடல்களும் பின்னாளில் ஜாஸ் என்னும் இசைக்கு ஊற்றாயின என்பர். இலங்கையின் மலைநாட்டிலும் உழைப்பவர் துயரம் பாட்டாகவே ஒலித்தது. அந்தப் பாட்டை உரிமைக்குரலாக மாற்றி மேடைக்குக் கொண்டுவந்தவர் கோ. ந. மீனாட்சியம்மை.

அந்நாளில் தேயிலைத் தோட்டத்தில் பொழுது விடியுமுன்னே தப்பு முழங்கும். அது பிரட்டுக்களத்துக்கு ஆள் அழைக்கும் ஒலி. அதே தப்புத்தான் காமன் கூத்திலும் முழங்கும். சாவு வீட்டிலும் முழங்கும். லயத்திலே தாலாட்டும் ஒப்பாரியும் கேட்கும். தமிழகத்திலிருந்து வந்த அம்மக்களிற் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். பத்திரிகையால் அவர்களை எட்டுவது அரிது. பாட்டினால் எட்டுவது எளிது.

மீனாட்சியம்மையின் கணவர், தஞ்சாவூரைச் சேர்ந்த கோ. நடேசய்யர். பத்திரிகையாளராகப் பணியாற்றிய அவர், 1931ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தைத் தொடங்கினார். 1936ஆம் ஆண்டில் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். இம்முயற்சிகளில் மீனாட்சியம்மை அவருக்குத் துணையாக மட்டும் நில்லாமல், தாமே மேடையேறிப் பாடினார். பெண்கள் பொதுமேடையில் தோன்றுவதே அரிதாயிருந்த காலம் அது.

அவர் கைக்கொண்ட முறை மிக எளியது. மக்கள் நன்கறிந்த மெட்டிலே புதிய பொருளை அமைத்தார். மெட்டு முன்னரே நாவிற் பழகியிருந்தமையால், சொற்கள் விரைவில் மனத்திற் படிந்தன. வெளியார் தோட்ட எல்லைக்குள் நுழைவதைத் தடுக்கும் சட்டம் அந்நாளில் சங்கத்தாருக்குப் பெருந்தடையாயிற்று. ஆனால் பேச்சாளன் நுழைய முடியாத லயத்திலே பாட்டு நுழைந்துவிடும். அதைத் தடுக்க எந்தக் காவலாளாலும் இயலாது.

1939ஆம் ஆண்டில் அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலிக்கு உழைத்த இந்தியர் பலரை வேலையினின்று நீக்கும் நடவடிக்கை தொடங்கியது. 1940ஆம் ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திலே, வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். அச்சமும் கொந்தளிப்பும் நிறைந்த அதே ஆண்டில், மீனாட்சியம்மையின் பாடல்கள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் பெயரில் நூலாக வெளிவந்தன. தலைப்பே அவர் நோக்கத்தை உணர்த்தும்.

நடேசய்யர் 1947இல் காலமானார். அடுத்த ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் அவர்தம் வாக்குரிமையும் பறிபோயிற்று. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று. தங்கள் நிலைமையைத் தாங்களே எடுத்துரைக்க வேண்டும் என்று அந்த அம்மையார் பாடிப் புகட்டிய பாடம், அந்த நீண்ட இடைக்காலத்திலே எத்துணை இன்றியமையாதது என்பதை மலைநாட்டு மக்கள் பட்டே உணர்ந்தனர்.

தொழிற்சங்க வரலாற்றை எழுதுவோர் தலைவர்களின் பேச்சுக்களைக் குறித்து வைப்பர். அப்பேச்சைக் கேட்பதற்குக் கூட்டத்தைத் திரட்டி நிறுத்திய பாட்டையும், அதனைப் பாடியவரையும் சேர்த்துக் குறித்தால்தான் அந்த வரலாறு நிறைவுபெறும்.