மழைநீர் வேதியியல் தரவுகளின் தரக்கட்டுப்பாடு

மழைநீரில் கரைந்துள்ள அயனிகளை அளக்கும் நிலையங்களில், கிடைத்த எண்கள் மழையின் இயல்பைக் காட்டுகின்றனவா, கலனில் சேர்ந்த அழுக்கையோ ஆய்வகப் பிழையையோ காட்டுகின்றனவா என்று சோதிக்கும் முறை.

வரலாறு

மழைநீரின் வேதியியலை விரிவாக ஆராய்ந்த ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித்தின் நூல் 1872இல் வெளிவந்தது. ஸ்வீடனில் தொடங்கிய நிலைய வலையமைப்பு 1950களில் ஐரோப்பாவின் பிற நாடுகளுக்கும் பரவியது. பல நாடுகளின் அளவுகளை ஒப்பிட வேண்டி வந்ததும் பொதுவான சோதனைகள் அவசியமாயின. உலக வானிலை அமைப்பின் காற்று மாசுக் கண்காணிப்பு வலையமைப்புக்காக இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவிய பத்து நிலையங்களில் கொடைக்கானலும் ஒன்று. அவற்றுள், ஏலமலையின் கிழக்கு அடிவாரத்திலுள்ள போடிநாயக்கனூருக்கு (போடி) மிக அருகிலுள்ளது அதுவே. 1989இல் இவ்வலையமைப்பு உலக வளிமண்டலக் கண்காணிப்புத் திட்டத்தின் பகுதியானது. அத்திட்டத்தின் மழைநீர்க் கையேடு 2004இல் வெளிவந்தது.

சோதனைகள்

நேர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் எதிர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் சமமாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து லிட்டருக்கு 100 முதல் 500 மைக்ரோசமானம் வரை இருந்தால், கையேடு 15 சதவீத வேறுபாட்டை ஏற்கிறது. அயனிகளிலிருந்து கணக்கிட்ட மின்கடத்துத்திறன் அளந்த மதிப்போடு ஒத்துப்போகிறதா என்பதும் பார்க்கப்படும். ஆய்வகங்களின் திறனைச் சோதிக்க, ஆண்டுக்கு இருமுறை செயற்கை மழைநீர் அனுப்பப்படுகிறது.

இந்தியாவில் மண்தூசியின் கால்சியம் மழையின் அமிலத்தைத் தணிப்பதால், எதிர்மின் அயனிகளின் கணக்கில் பைகார்பனேட்டை விட்டுவிடக் கூடாது. ஒரு மாதிரியில் நேர்மின் அயனி லிட்டருக்கு 60 மைக்ரோசமானம், எதிர்மின் அயனி 50 மைக்ரோசமானம், பி.எச். மதிப்பு 6.2 என்று கொள்வோம். வேறுபாடு இரண்டின் சராசரியில் 18 சதவீதம், மாதிரி தள்ளப்படும். அந்தப் பி.எச். அளவில் ஏறக்குறைய 9 மைக்ரோசமானம் பைகார்பனேட் இருக்கும். அதைச் சேர்த்தால் வேறுபாடு 2 சதவீதத்துக்கும் குறைவு. பிழை மாதிரியில் இல்லை, கணக்கில்தான்.

ஏலமலைச் சரிவுகளில்

தென்மேற்குப் பருவக்காற்று ஏலமலையின் மேற்குப் புறத்தில் மழையைக் கொட்டுகிறது. மழை மறைவில் உள்ள போடிக்கு வடகிழக்குப் பருவமே முக்கியம். கோடையின் சிறு தூறலில் தூசி செறிந்திருக்கும் என்பதால், மழையளவுக்கேற்ற எடையிட்ட சராசரியே இங்கு பொருந்தும். மழை பெய்யும்போது மட்டும் திறக்கும் கலன், வறண்ட நாட்களின் தூசியைத் தடுக்கும். கை வியர்வையின் உப்பு இரு வகை அயனிகளையும் ஒருசேரக் கூட்டுவதால் சமநிலைச் சோதனையில் அகப்படாது. அதற்கு வெற்றுமாதிரியும் களக்குறிப்பும் வேண்டும். ஐயத்துக்குரிய மாதிரியை அழிக்காமல், காரணத்தைக் குறியிட்டு வைப்பதே நல்ல நடைமுறை. நாளைய ஆய்வாளர் அந்த முடிவை மறுபரிசீலனை செய்ய அதுவே வழி.