எலியிடம் தோற்ற மருந்து

2013 ஜூன்ல மத்திய அரசு பயோகிளிட்டசோனுக்கு தடை போட்டப்ப, பெருநகர்ல எங்க பாட்டியோட சர்க்கரை மாத்திரையும் நின்னுபோச்சு. காரணம், சிறுநீர்ப்பை புற்றுநோய் பயம். ஜூலை கடைசியிலயே எச்சரிக்கையோட தடை நீங்கிடுச்சு.

இந்த பயம் பழசுங்க. செல்லின் உட்கருவில் 'பிபார்'னு ஒரு ஏற்பி. சர்க்கரை, கொழுப்பு சம்பந்தப்பட்ட மரபணுக்களுக்கு சுவிட்ச் மாதிரி. இதுல ஆல்ஃபா, காமா ரெண்டையும் தட்டுற ராகாகிளிட்டசாரை ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் உருவாக்கி, 1998ல் டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்குக்கு உரிமம் கொடுத்தது. மனிதர்களிடம் சோதனை நடந்துகிட்டிருக்கும்போதே, 2002ல் எலிகளின் சிறுநீர்ப்பையில் கட்டி! அதோட நிறுத்திட்டாங்க.

தமாஷ் என்னன்னா, பாட்டி மாத்திரை நின்ன அதே ஜூன்லதான் அகமதாபாத் சைடஸின் சரோகிளிட்டசாருக்கு ஒப்புதல் கிடைச்ச அறிவிப்பு வந்துச்சு. அதே ரெட்டை சுவிட்ச்; ஆனா ஆல்ஃபாவை பலமா, காமாவை மிதமா தட்டும்.