10,080 எண்களால் மிச்சமின்றி வகுபடும் ராமானுஜன் எண்... பட்டியலில் விட்டுப்போனது எது?

ராமானுஜன்னாலே பலருக்கும் 1729 தான் ஞாபகம் வரும். ஆனால், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் கொடுத்தது அதற்காக அல்ல. 'உயர் பகு எண்கள்' பற்றிய ஆய்வுக்காக. 1915-ல் வெளியான அந்தக் கட்டுரையில் நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. அதில் கடைசியாக இருப்பது 6746328388800. அதாவது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800.

உயர் பகு எண் என்றால் என்ன?

நாமக்கல் முட்டையை வைத்தே பார்க்கலாம். ஒரு அட்டையில் 30 முட்டை. 30-ஐ 1, 2, 3, 5, 6, 10, 15, 30 என 8 எண்களால் மிச்சமில்லாமல் வகுக்கலாம். ஆனால், அதைவிடச் சின்ன எண்ணான 24-க்கே 8 வகுத்திகள் இருக்கு. அதனால் 30-க்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. ரெண்டு அட்டை சேர்த்தால் 60. இதற்கு 12 வகுத்திகள். 60-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இப்படி, தனக்குக் கீழே உள்ள அத்தனை எண்களையும் வகுத்திகளின் எண்ணிக்கையில் முந்துவதுதான் உயர் பகு எண்.

அந்தப் பெரிய எண்ணுக்குள் என்ன இருக்கு?

அதைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 தலா ஒரு முறை வரும். ஒவ்வொரு எண்ணிக்கையோடும் 1 கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×2×2×2×2×2 = 10,080. அத்தனை வகுத்திகள்!

பகா எண் பெரிதாக ஆக, அது வரும் தடவை கூடாது என்பதை ராமானுஜன் நிரூபித்தார். 4, 36 தவிர மற்ற எல்லா உயர் பகு எண்களிலும் கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும் என்பதும் அவர் நிரூபித்ததே.

விட்டுப்போன எண்

கணினி இல்லாத காலத்தில் கையால் போட்ட அந்தப் பட்டியலில் ஒரே ஒரு எண் விட்டுப்போச்சு. அது 293318625600, வகுத்திகள் 5,040. சுவாரசியம் என்னன்னா, இதை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்ணே கிடைக்கும். விதிகள் தனியே நிரூபிக்கப்பட்டவை என்பதால், இந்த விடுபடலால் அவற்றுக்குப் பாதிப்பில்லை.

கட்டுரை முழுசாக வந்ததா?

இல்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் லண்டன் கணிதக் கழகத்துக்குப் பணத் தட்டுப்பாடு. அதனால் ஒரு பகுதி அச்சேறவில்லை. அது 1997-ல்தான் 'ராமானுஜன் ஜர்னல்' இதழில் வெளியானது.

நாமக்கல்லுக்கு என்ன தொடர்பு?

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்த ராமானுஜனின் குடும்பத் தெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்து, சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர் அவர். அவருக்கு 1916 மார்ச்சில் பி.ஏ. பட்டம் வாங்கித் தந்தது இந்த எண்கள்தான்.