சேவலின் கழுத்து இறகு

நம் குடுமியான்மலைப் பக்கத்துக் கண்மாய்களில் தூண்டில் போட மண்புழு போதும். வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்குக் கொண்டுவந்த ஒரு வகைத் தூண்டிலில் புழுவே கிடையாது. பட்டு நூலும் சேவல் இறகும்தான். அந்த இறகுக்கு நம் நாட்டோடு ஓர் உறவு உண்டு.

டிரவுட், குளிர்ந்த நீரில் மட்டும் வாழும் மீன். நம் நாட்டு மீன் அல்ல. மதராஸ் ராணுவ மருத்துவரான ஃபிரான்சிஸ் டே 1863-இல் அதை நீலகிரிக்குக் கொண்டுவரப் பார்த்தார், பலிக்கவில்லை. பிறகு எச்.சி. வில்சன் முயற்சியில் 1907-இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் வந்தது. ரெயின்போ டிரவுட் மலை ஓடைகளில் நிலைத்தது. துரைமார்களுக்குப் பொழுதுபோக்கும் கிடைத்தது.

டிரவுட் மீன் நீர்மேல் வந்து இறங்கும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். அந்தப் பூச்சியைப் போலவே மிதக்கும் போலி ஈக்கு 'டிரை ஃப்ளை' என்று பெயர். நான் புதுச்சேரியில் படித்த பிரெஞ்சில் 'மூஷ் செஷ்', அதாவது நனையாத ஈ. அதைக் கட்டும் முறையை இங்கிலாந்தில் ஹால்ஃபோர்டு என்பவர் 1886-இல் ஒரு புத்தகமாகவே எழுதினார்.

முதலில் சின்னஞ்சிறு முள்ளைப் பிடிப்பானில் இறுக்கி, மெழுகு தடவிய பட்டு நூலைச் சுற்றுவார்கள். வாலுக்கு நாலைந்து இறகு இழைகள். உடலுக்குப் பட்டோ மென்மயிரோ. கடைசியாக முள்ளின் கண்ணுக்கு அருகே சேவலின் கழுத்து இறகு ஒன்றை நெருக்கமாகச் சுற்றினால், இழைகள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல விரிந்து நிற்கும். அவற்றின் விறைத்த நுனிகள் நீர்ப்பரப்பின் மேல் ஊன்றி ஈயைத் தாங்கும். பெட்டைக்கோழி இறகு மெத்தென்றிருக்கும். நீரை உறிஞ்சி மூழ்கிவிடும். அது மூழ்கும் ஈக்குத்தான் ஆகும்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த இறகுக்காக நம் நாட்டுச் சேவல்களின் கழுத்துத் தோல், இறகோடு சேர்த்துப் பதமாக்கப்பட்டு இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போயிற்று. நாம் குழம்புக்கு அறுத்து, குப்பையில் வீசியது அங்கே சரக்கு.

அதோடு நின்றிருந்தால் பாதகமில்லை. சால்மன் மீனுக்கான அலங்கார ஈக்களுக்குச் சாம்பல் காட்டுச்சேவலின் கழுத்து இறகு வேண்டியிருந்தது. அதில் மெழுகுச் சொட்டு விழுந்தாற்போல வெளிர்மஞ்சள் புள்ளி உண்டு. ஈயின் பக்கவாட்டில் வைத்தால் மீன்கண் போலத் தெரியும். தென்னிந்தியக் காடுகளில் வாழும் இந்தப் பறவையின் அறிவியல் பெயரில் ஒரு பிரெஞ்சுக்காரர் இருக்கிறார்: புதுச்சேரியில் தங்கியிருந்த பியேர் சொன்னெரா. 1782-இல் வெளியான தம் பயண நூலில் அவர் இதை விவரித்தார். ஆங்கிலேயர் அவர் பெயரைச் 'சொன்னெராட்' என்பார்கள்; கடைசி 'ட்' பிரெஞ்சில் ஒலிக்காது.

ஒரு கழுத்துக்காக ஒரு முழுப் பறவையையே சுட வேண்டும். காட்டுப் பறவைகளின் தோலையும் இறகையும் ஏற்றுமதி செய்ய 1902-இல் அரசு தடை போட்டது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையும் தடுத்தது. இப்போது இங்கிலாந்தில் கூண்டில் வளர்த்த காட்டுச்சேவல்களின் இறகு கிடைக்கிறது. அமெரிக்காவில் ஈ கட்டும் இறகுக்கென்றே தனிச் சேவல் இனங்களைப் பெருக்கியிருக்கிறார்கள். ஆக, இறகு கிடைக்காமல் எந்த ஈயும் நின்றுபோகவில்லை. அத்தனை காட்டுச்சேவல்களைச் சுட்டிருக்கவே வேண்டியதில்லை என்பதை, சட்டம் வந்த பிறகுதான் உலகம் கண்டுகொண்டது.