வேடந்தாங்கல் உழவர்களும் பறவைப் பாதுகாப்பும்

வேடந்தாங்கல் உழவர்களின் பறவைப் பாதுகாப்பு என்பது, தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் நீர்ப்பறவைகளை அவ்வூர் மக்கள் தலைமுறைகளாகக் காத்துவரும் வழக்கத்தைக் குறிக்கும். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் நெல்வயல்களுக்கு உரமாவதே இவ்வழக்கத்தின் அடிப்படை ஆகும். நில உடைமையாளரின் நலனும் பல்லுயிர்ப் பாதுகாப்பும் ஒன்றிணைந்து செல்வதற்கு இது இந்தியாவின் மிகப் பழைய எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகும்.

பெயரும் அமைவிடமும்

வேடந்தாங்கல் மதுராந்தகம் வட்டத்தில், தாம்பரத்திலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது. வேடர்கள் வாழ்ந்த ஊர் என இதன் பெயருக்குப் பொருள் கூறுவர். தாங்கல் என்பது சிறிய பாசன நீர்நிலையைக் குறிக்கும் சொல்லாகும். சென்னையின் தென்புறநகரான பழவந்தாங்கலின் பெயரிலும் இச்சொல் உள்ளது.

ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 எக்டேர். நீரில் நிற்கும் நீர்க்கடம்பு, கருவேல மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா முதலியன இங்கு காணப்படும் பறவைகளாகும். வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிரம்பிய பின், நவம்பர் முதல் மார்ச் வரை இவற்றை மிகுதியாகக் காணலாம்.

வரலாறு

18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படைவீரர்கள் இவ்வேரியில் பறவைகளைச் சுட்டு வேட்டையாடினர். இதனை எதிர்த்து ஊர்மக்கள் செங்கல்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டனர். அக்கால ஆட்சியரான லயோனல் பிளேசு, 1798 ஆம் ஆண்டில் பறவைகளைச் சுடுவதைத் தடை செய்து ஊராருக்குக் கவுல் என்னும் உரிமை ஆவணம் ஒன்றை வழங்கினார். 1858 ஆம் ஆண்டில் அவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது.

1936 ஆம் ஆண்டில் அரசு இவ்வேரியைப் பறவைகள் புகலிடமாக ஏற்றது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான அறிவிப்பு 1998 ஆம் ஆண்டில் வெளியானது. 2022 ஆம் ஆண்டில் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன. முதல் தடையாணை அரசு தானாகப் பிறப்பித்ததன்று. உழவர்கள் கேட்டுப் பெற்றது என்பது குறிப்பிடத்தக்கது.

உழவருக்குக் கிட்டும் பயன்

பறவைகள் சுற்றியுள்ள வயல்களிலும் நீர்நிலைகளிலும் மீன், நத்தை, தவளை முதலியவற்றை உண்டு, கூடுகளுக்குத் திரும்பி ஏரியில் எச்சமிடுகின்றன. எச்சத்தில் பயிர்களுக்குத் தேவையான நைட்ரசனும் பாசுபரசும் உள்ளன. பரந்த நிலப்பரப்பில் சிதறிக்கிடக்கும் சத்துகள் இவ்வாறு ஓர் ஏரியில் சேர்ந்து, மதகு வழியே ஆயக்கட்டு நிலங்களை அடைகின்றன. இதனால் உரச்செலவு குறைகிறது.

எனினும் உழவர், பறவைகள் ஆகிய இரு தரப்பின் தேவையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. கூட்டு மரங்களின் அடியில் நீர் நிற்கும் வரை நாய், பூனை போன்ற விலங்குகள் குஞ்சுகளை எளிதில் நெருங்க இயலாது. பாசனத்துக்காக ஏரிநீர் விரைந்து வடிந்தால் இப்பாதுகாப்பு நீங்கிவிடும். மழை குறைந்த ஆண்டுகளில் பறவைகளின் வருகையும் குறைகிறது. எனவே மதகைத் திறக்கும் காலமும் அளவும் இருதரப்புக்கும் இன்றியமையாதவை.

ஏரிக்கு வெளியேயுள்ள நிலங்கள்

ஏரிக்குள் காவல் இருப்பது மட்டும் போதுமானதன்று. பறவைகள் இரை தேடுவது பெரும்பாலும் வெளியேயுள்ள வயல்களிலும் பிற ஏரிகளிலும் ஆகும். நத்தைக்குத்தி நாரையின் முதன்மை உணவான நத்தைகள் நெல்வயல்களில் வாழ்கின்றன. வயல்கள் மனைகளாக மாறினாலும், பூச்சிக்கொல்லி மிகுந்தாலும் இரை குறையும்.

ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையுள்ள பகுதி காப்பகத்துள் அடங்குகிறது. இதில் பட்டா நிலங்களும் ஊர்களும் உள்ளன. இச்சுற்றளவை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு 2020 ஆம் ஆண்டில் பரவலான எதிர்ப்பைச் சந்தித்தது. பின்னர் அது திரும்பப் பெறப்பட்டது.

தாம்பரம் பகுதியுடன் ஒப்பீடு

தாம்பரத்தைச் சூழ்ந்த சேலையூர், செம்பாக்கம், சிட்லப்பாக்கம் ஏரிகளும் பாசன ஏரிகளாக இருந்தவையே. செம்பாக்கம் ஏரியின் உபரிநீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைகிறது. நகர வளர்ச்சியால் இவற்றின் ஆயக்கட்டுகள் குடியிருப்புகளாயின. ஏரிநீரை நம்பிய உழவர் இல்லாத நிலையில், வரத்துக்கால்வாய்களையும் மதகுகளையும் பேணும் தேவை மறைந்தது; கழிவுநீர் கலந்தது; ஆக்கிரமிப்புகள் பெருகின.

இதன் பின்னர் பாதுகாப்புப் பொறுப்பு அரசையும் குடியிருப்போரையும் தன்னார்வ அமைப்புகளையும் சார்ந்தது. பள்ளிக்கரணையில் 317 எக்டேர் நிலம் 2007 ஆம் ஆண்டில் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டில் இச்சதுப்புநிலமும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

பிற இடங்களும் சட்ட ஏற்பாடும்

கருநாடகத்தின் மாண்டியா மாவட்டத்திலுள்ள கொக்கரெ பெள்ளூரில் கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் ஊருக்குள் தனியாருக்குச் சொந்தமான புளிய மரங்களில் கூடு கட்டுகின்றன. இதனால் விளைச்சலை இழக்கும் மர உரிமையாளர்களுக்கு வனத்துறை இழப்பீடு வழங்கியது. திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளத்திலும் மக்கள் தம் வீட்டு மரங்களில் பறவைகள் கூடு கட்ட இடமளித்துள்ளனர். எச்சம் சேர்ந்த வண்டலை வயலுக்கு உரமாக இடுகின்றனர். சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடிப் பகுதி மக்கள், பறவைகள் அஞ்சி ஓடாதிருக்கத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம் சமுதாயக் காப்பகம் என்னும் புதிய வகையை உருவாக்கியது. நில உரிமையாளரோ சமுதாயமோ தாமாக முன்வந்தால், உரிமை மாறாமலேயே அந்நிலத்தைக் காப்பகமாக அறிவிக்க இது வழிசெய்கிறது. கொக்கரெ பெள்ளூர் 2007 ஆம் ஆண்டில் இவ்வகையில் அறிவிக்கப்பட்டது.

பறவைகளால் பயனோ, இழப்புக்கு ஈடோ கிடைக்கும் இடங்களில் நில உரிமையாளர்களே முதல் காவலர்களாக இருப்பதை இவ்வெடுத்துக்காட்டுகள் காட்டுகின்றன. வேடந்தாங்கலிலும் உழவுத்தொழில் நிலைத்திருக்கும் வரையே பறவைகளைக் காப்பதால் ஊராருக்குக் கிட்டும் பயன் நிலைத்திருக்கும் எனலாம்.