பத்திரத்தில் ஒரு வரி

சேலம், நாமக்கல் சமவெளியில் பெரியவர்கள் இன்றும் 'கண்டிசன் நிலம்' என்றுதான் சொல்வார்கள். பஞ்சமி நிலத்தைச் சொல்கிறார்கள். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசாணை வந்தது. முதல் பத்து வருசம் விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டும்தான் கைமாற்றலாம். நிலம் யார் கைக்குப் போனாலும் நிபந்தனையும் கூடவே போகும். சும்மா கொடுத்த நிலம் ஒரு தலைமுறை தாங்காது என்பதால் எழுதப்பட்ட வரி அது.

இதே யோசனை கம்ப்யூட்டர் உலகத்திலும் உண்டு. முன்பு நிரல் எழுதியவர்கள் மூல நிரலையும் சேர்த்தே பகிர்ந்துகொண்டார்கள். பிறகு கம்பெனிகள் அதைப் பூட்டின. பொதுவாக விட்டதை ஒருவன் எடுத்து, நாலு வரி மாற்றி, தன்னுடையது என்று அடைத்துக்கொள்ள முடிந்தது. 1983இல் குனு திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன், 1989இல் ஜிபிஎல் உரிமத்தை எழுதினார். இயக்கலாம், படித்து மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். ஆனால் கொடுக்கும்போது மூல நிரலையும் இதே உரிமைகளையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். உடைமைக்காரனுக்காக எழுதிய காப்புரிமைச் சட்டத்தை வைத்தே உடைமையைத் தடுக்கும் இந்த வேலைக்குப் பெயர் காப்பிலெஃப்ட்.

ஒரு வித்தியாசம் உண்டு. நிலம் ஒன்றுதான், ஒருவன் வளைத்தால் இன்னொருவன் இழக்கிறான். நிரல் பகிர்ந்தால் குறையாது. அதனால் இங்கே யாருக்கும் தடையில்லை, பூட்டுவதற்கு மட்டுமே தடை.

நமக்கென்ன இதில்? தொண்ணூறுகளில் ஆளுக்கொரு எழுத்துரு. ஒரு டிடிபி சென்டரில் அடித்த கட்டுரை இன்னொன்றில் திறந்தால் கிறுக்கலாக வந்தது. நம் எழுத்து அடுத்தவன் பூட்டுக்குள் கிடந்தது. பிறகு ஜிபிஎல் உரிமத்தில் தமிழ்த் தட்டச்சுக்கு இ-கலப்பை வந்தது. கலப்பை என்று பெயர் வைத்தார்கள், நன்றாகத்தான் வைத்தார்கள்.

ஆனால் வரி தானாகக் காவல் காக்காது. பஞ்சமி நிலத்தில் அந்த வரி இருந்தும் ஆதிக்க சாதியார் வளைத்தார்கள், அதிகாரிகள் பட்டா மாற்றிக் கொடுத்தார்கள். காரணையில் நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். ஜிபிஎல்லும் அப்படித்தான். 2004இல் ஹரால்ட் வெல்டே வழக்குப் போட்ட பிறகுதான், அந்த உரிமம் செல்லும் என்று மியூனிக் நீதிமன்றம் சொன்னது.

கேட்க ஆள் இருந்தால்தான் நிபந்தனைக்கு உயிர். 'அ' பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கிற நம்ம பிள்ளைகள், மூல நிரலையும் கேட்கப் பழகட்டும்.