மைசூரைப் பார்க்காத மைசூர்ப் பருப்பு

அம்மாயி பருப்பில் கல் பொறுக்கும்போது யாரிடமும் பேசமாட்டார். தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுப் படியில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, வெயில் நேராக முறத்தில் விழும்படி திரும்பி உட்கார்ந்துகொள்வார். செம்மஞ்சள் பருப்புக்குள் பருப்பளவே இருக்கும் மண்கட்டியை அவர் விரல் நுனி தேடி எடுக்கும். அது எந்த ஊர் மண் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. பருப்பு கடையிலிருந்து வந்தது, கல்லும் அதோடு வந்தது. அதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது.

இன்று பேராக்கின் லூமுட்டில் என் வீட்டு அடுப்படியில் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டுகிற பருப்பில் கல் இருப்பதே அபூர்வம். அம்மாயியும் இல்லை. ஆனால் அந்தக் கல் எங்கிருந்து வந்திருக்கும் என்பதற்கு இப்போது ஒரு விடை வைத்திருக்கிறேன். அதைச் சொல்ல முதலில் சிரியாவுக்குப் போக வேண்டும்.

நாம் மைசூர்ப் பருப்பு என்கிறோம். மைசூர் என்ற ஊருக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. வடமொழியில் மசூரம், இந்தியில் மசூர். அது நம் நாக்கில் மைசூராகிவிட்டது என்றே கொள்கிறேன். இதன் சொந்த மண் மேற்கு ஆசியா. சிரியா, துருக்கி, ஈராக் பக்கத்தில் வளமான பிறை என்று அழைக்கப்படும் நிலத்தில் மனிதர் முதன்முதலாகப் பயிர்செய்யப் பழகியபோது கோதுமை, பார்லியோடு சேர்த்து விதைத்த பயிர்களில் இதுவும் ஒன்று. பத்தாயிரம் ஆண்டுப் பழக்கம். லத்தீன் மொழியில் இதற்கு லென்ஸ் என்று பெயர். இருபுறமும் புடைத்த கண்ணாடி வில்லை இந்தப் பருப்பைப் போலிருந்ததால்தான் கண்ணாடிக்கும் அதே பெயர் வந்தது. மூக்குக்கண்ணாடி போட்டுக் கல் பொறுக்கிய அம்மாயிக்கு இதைச் சொல்ல முடியாமல் போயிற்று.

சிந்துவெளிக் காலத்திலேயே இந்தியாவுக்கு வந்துவிட்ட பருப்பு இது. வங்காளத்திலும் வட இந்தியாவிலும் அன்றாட உணவாயிற்று. தமிழ்நாட்டில் துவரையே நிலைத்தது. சாம்பாருக்குத் துவரை என்றால் அது கிட்டத்தட்ட சட்டம். இலங்கையிலோ மைசூர்ப் பருப்பு இல்லாத வீடு கிடையாது. சிங்களவரும் இதைப் பரிப்பு என்று நம் சொல்லாலேயே அழைக்கிறார்கள்.

மலாயாவுக்கு வந்த நம்மவர்கள் முதலில் துவரையோடுதான் வந்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல். 1926இல் கட்டப்பட்ட ராஜூலா கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் எங்கள் வீடுகளில் மூத்தவர்கள் முகம் மாறும். மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கி, கங்காணி பின்னால் நடந்து, பேராக் தோட்டங்களில் பால்மரம் வெட்டப் போனார்கள். அரிசி, பருப்பு, மிளகாய், மல்லி, புளி எல்லாம் கடல் தாண்டி அவர்கள் பின்னால் வந்தன. தோட்டத்துக் கடையில் கடன் புத்தகம் இருக்கும். சம்பள நாளில் கடைக்காரர் கணக்கு முடித்த பிறகு மிஞ்சுவதே கூலி.

அம்மாயி சொல்வார்: சம்பள வாரத்தில் பருப்பு கெட்டியாக இருக்கும், மாசக் கடைசியில் முகம் பார்க்கலாம். ஒரே கைப்பிடிப் பருப்பில் தண்ணீர்தான் கூடிக்கொண்டே போகும். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, விடியுமுன் போகிறவர்களுக்கு இரவு மிஞ்சிய பருப்புத் தண்ணீரும் பழைய சோறும்தான் பசியாறல். 1941 இறுதியில் ஜப்பானியர் வந்து கப்பல்கள் நின்றபோது அந்தத் தண்ணீர்ப் பருப்பும் போயிற்று. மூன்றரை ஆண்டு மரவள்ளிக்கிழங்கு. அந்தக் காலத்தைப் பற்றி அம்மாயி நீளமாகப் பேசமாட்டார். ஆனால் கெட்டிப் பருப்பு வைத்த நாளில் எங்கள் மங்குகளில் ஊற்றும்போது கரண்டியை ஒருமுறை தூக்கிக் காட்டுவார். பருப்பு கரண்டியிலிருந்து ஒழுகாமல் மெல்ல இறங்கும். அது அவருக்கு ஒரு கணக்கு முடிந்த மாதிரி.

துவரையின் இடத்துக்குச் சிவப்புப் பருப்பு எங்கள் வீட்டில் எந்த ஆண்டு வந்தது என்று யாருக்கும் நினைவில்லை. விறகு குறைவாகப் பிடித்தது, சீக்கிரம் வெந்தது, அதனால் வந்தது. உலகத்தில் அதற்கு முன்னால் நடந்த வேலைகளுக்குத் தேதி உண்டு. 1972இல் ஆல் ஸ்லிங்கார்டு என்ற பயிர் ஆய்வாளர் கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1978இல் அவர் வெளியிட்ட லேர்ட் என்ற, இதே பருப்பின் பச்சை ரகம், கோதுமையே கதியென்றிருந்த அந்தச் சமவெளியில் பருப்பு விவசாயத்தை ஊன்றச் செய்தது. இன்று உலகத்துக்கு அதிகமாகப் பருப்பு ஏற்றுமதி செய்வது கனடா.

நமக்கு நெருக்கமானது ஆஸ்திரேலியா. நம் கடைகளில் ‘ஆஸ்திரேலியா டால்’ என்றே கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. தீபாவளிக் காலத்தில் அரசாங்கம் உச்ச விலை நிர்ணயிக்கும் பொருள்களில் ஆஸ்திரேலியப் பருப்பும் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அந்த நாட்டில் இந்தப் பயிருக்கு வயது மிகக் குறைவு. 1990களில்தான் விக்டோரியா மாநிலத்தின் விம்மரா, மல்லீ பகுதிகளிலும் தென் ஆஸ்திரேலியாவின் யார்க் தீபகற்பத்திலும் வணிக அளவில் பயிராகத் தொடங்கியது. டிக்கர், நார்த்ஃபீல்டு போன்ற அவர்களுடைய தொடக்ககால ரகங்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? சிரியாவின் அலெப்போ நகருக்கு வெளியே தெல் ஹத்யா என்ற இடத்திலிருந்து. 1977இல் தொடங்கப்பட்ட இகார்டா என்ற வறண்டநில வேளாண் ஆய்வு நிறுவனம் அங்கேதான் இருந்தது. வளமான பிறையின் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த விதைகளை ஊர் ஊராகச் சேகரித்து அது குளிர் அறைகளில் வைத்திருந்தது. வேண்டும் என்று கேட்ட நாடுகளுக்குப் பகிர்ந்தும் கொடுத்தது.

பிறகு சிரியாவில் போர் வந்தது. ஆய்வாளர்கள் அலெப்போவை விட்டு வெளியேற நேர்ந்தது. நல்ல வேளையாக, விதைகளின் நகல்களை நார்வேயின் வடகோடியில் 2008இல் திறக்கப்பட்ட ஸ்வால்பார்டு விதைக் காப்பகத்துக்கு அவர்கள் முன்பே அனுப்பி வைத்திருந்தார்கள். 2015இல் அவற்றில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்டு வாங்கி, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். அந்தக் காப்பகத்திலிருந்து விதை திரும்ப எடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. ஊரை விட்டு ஓடும்போதும் விதையை மறக்காதவர்கள் இவர்கள். லூமுட்டில் பருப்பு கழுவும்போது இதை நினைத்துக்கொள்வேன், கை கொஞ்சம் மெதுவாகும்.

இப்போது அம்மாயியின் கல்லுக்கு வருகிறேன். பருப்புச் செடி முழங்கால் உயரம்கூட வராது. கீழ்க் காய்கள் தரையிலிருந்து சில விரற்கடை உயரத்தில் தொங்கும். அறுவடை இயந்திரம் அவற்றை விடாமல் எடுக்க வேண்டுமானால் மண்ணை உரசிக்கொண்டே போக வேண்டும். அதனால் ஆஸ்திரேலிய உழவர்கள் விதைத்ததும் வயல் முழுக்கக் கனமான உருளையை ஓட்டிக் கட்டிகளையும் கற்களையும் அழுத்தித் தரையைச் சமமாக்குகிறார்கள். அப்படியும் அறுப்பில் மண் வரும். முன்பு சலித்ததும் தூற்றியதும் போக மீந்தது முறம் வரை வந்தது. இன்று ஆலையில் இயந்திரங்கள் பிரித்துவிடுகின்றன. மழைக்காலத் தொடக்கத்தில், மே, ஜூன் மாதங்களில் விதைத்து நவம்பர், டிசம்பரில் அறுக்கிறார்கள். வேரில் இருக்கும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குக் கொடுப்பதால் அடுத்து வரும் கோதுமைக்கு உரச் செலவு குறைகிறது. உழவர் இதை விரும்பக் காரணம் விலை மட்டும் இல்லை.

முழுப் பருப்பின் தோல் சாம்பலோ பழுப்போ. ஆலையில் தோல் நீக்கி, இரண்டாக உடைத்தால்தான் உள்ளே இருக்கும் செம்மஞ்சள் வெளியே வரும். அப்புறம் சாக்கு, கொள்கலன், கப்பல். லூமுட்டுக்கும் துறைமுகம் உண்டு. ஆனால் கொள்கலன் கப்பல்கள் போவது கிள்ளானுக்கும் பினாங்குக்கும்தான். அங்கிருந்து மொத்த வியாபாரிகளிடம் போய், ஈப்போ லிட்டில் இந்தியாவின் மளிகைக் கடைகளைத் தொட்டு, எண்பது கிலோமீட்டருக்கும் மேல் லாரியில் வந்து சித்தியவான், லூமுட் கடைகளில் ஒரு கிலோ பொட்டலமாக உட்கார்கிறது.

வாங்குகிறவர்களும் இடம் மாறியவர்களே. ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், தோட்டங்கள் துண்டாடப்பட்டதும் லயங்களைக் காலி செய்தன. இந்த வட்டாரத்துத் தமிழர்கள் ஆயர் தாவார், சித்தியவான், லூமுட் என்று இறங்கினார்கள். கடற்படைத் தளத்தில், கப்பல் பட்டறையில், பங்கோர் தீவுக்குப் போகும் படகுத்துறையில், கடைகளில் வேலை. கணவன் மனைவி இருவரும் வீடு திரும்ப ஏழு மணியாகும். அந்த ஏழு மணிக்கு ஊறவைக்காமல், குக்கர் இல்லாமல், இருபது நிமிடத்தில் வேகிற பருப்பு இது.

நான் வைக்கும் முறையைச் சொல்கிறேன். நான்கு பேருக்கு ஒரு கோப்பை, ஏறக்குறைய 200 கிராம். தண்ணீர் தெளியும் வரை மூன்று நான்கு முறை கழுவ வேண்டும். மூன்று கோப்பைத் தண்ணீர், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், தட்டிய பூண்டு நான்கு பல், கீறிய பச்சைமிளகாய் இரண்டு. கொதி வரும்போது நுரை பொங்கும். கரண்டியால் எடுத்துவிட்டு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கும். அனலைக் குறைத்துப் பதினைந்து நிமிடம். செம்மஞ்சள் நிறம் தானாகவே மஞ்சளாகிவிடும், அதுதான் வெந்ததற்கு அடையாளம். தக்காளியோ புளியோ அதற்கு முன் போடக் கூடாது. புளிப்பு பட்டால் பருப்பு கரைவது தாமதமாகும். வெந்த பிறகு தக்காளி, உப்பு, இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை. இன்னும் மூன்று நிமிடம்.

தாளிப்பு கடைசியில். நல்லெண்ணெய் இரண்டு தேக்கரண்டி போதும். கடுகு வெடித்ததும் சீரகம், காய்ந்தமிளகாய், நறுக்கிய சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, பெருங்காயம். சட்டியோடு பருப்பில் கவிழ்த்து உடனே மூடிவிட வேண்டும், மணம் உள்ளேயே நிற்கும். இறக்கிய பிறகு அரை எலுமிச்சைச் சாறு. தேங்காய்ப் பால் ஊற்றுகிறவர்கள் உண்டு. அன்றாடப் பருப்புக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. பக்கத்தில் பங்கோர் நெத்திலி நாலைந்து பொரித்து வைத்தால் வேறு எதையும் தேட மாட்டோம்.

இந்தச் சட்டியில் ஆளுக்குச் சுமார் 12 கிராம் புரதமும் ஐந்து கிராம் நார்ச்சத்தும் கிடைக்கின்றன. இரும்புச் சத்தும் இருக்கிறது. எலுமிச்சையும் தக்காளியும் அதை உடம்பில் சேர்க்க உதவும். சாப்பிட்டவுடன் குடிக்கும் தே அதைத் தடுக்கும். தேயை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். நார்ச்சத்து சோற்றின் சர்க்கரை இரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் முன்னால் நிற்பவர்கள் இந்தியர்கள், அதாவது நாம். எங்கள் குடும்பத்தில் இதனால் காலை இழந்தவர் இருக்கிறார்.

அப்படியிருந்தும் பருப்பை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? ரொட்டி சானாய்க்குத் தொட்டுக்கொள்ளும் நீராக்கி, குழிவான தட்டில் சோற்றைக் குவித்து அதன் மேல் ஓடவிடுகிறோம். தட்டில் பருப்பு எவ்வளவு என்று வடித்துப் பார்த்தால் ஒரு கரண்டிகூடத் தேறாது. தோட்டத்தில் தண்ணீர் ஊற்றியது இல்லாமையால். அந்த இல்லாமை போய் ஒரு தலைமுறை ஆகிறது. தண்ணீர் மட்டும் நம் சமையலில் தங்கிவிட்டது. ஒரு கிலோ பொட்டலம் பெரும்பாலான வீடுகளில் வாங்கக் கூடிய விலைதான். அலெப்போவில் பிழைத்து, விம்மராவில் விளைந்து, இவ்வளவு தூரம் வந்த பொருளை முகம் பார்க்கும் நீராக்கிப் பரிமாறுவது எனக்குச் சம்மதமில்லை.

என் மகள் இப்போது பருப்பு வைக்கப் பழகியிருக்கிறாள். இறக்கும் முன் கரண்டியைத் தூக்கிக் காட்டி, “போதுமாப்பா?” என்று கேட்பாள். அம்மாயியை அவள் பார்த்ததில்லை.

நீங்களும் இன்று இரவு பருப்பு வைத்தால், வழக்கமாக ஊற்றுவதில் அரைக் கோப்பைத் தண்ணீரைக் குறையுங்கள். தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பருப்பை ஊற்றுங்கள்.